வெளியே தெரியாத இரத்தப்பெருக்கு

பிள்ளை பிறந்த பின்னரே நஞ்சுக்கொடி கழல வேண்டும். சில தாய்மாருக்கு ஐந்தாம் மாதத்தின் பின், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அது கழன்றுவிடுகிறது. இரத்த அமுக்கம் கூடியவர்களுக்கும், விழுந்து வயிற்றில் அடிபட்டவர்களுக்கும், முன்னைய பேற்றில் இவ்வாறு கண்டவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

வயிறு கல்லுப்போல் இறுகும். நோவு விடாமல் நிற்கும். பிள்ளையின் துடிப்புக் குறையும். இரத்தம் வெளியே படலாம். கருப்பைக்குள்ளேயே தேங்கியும் நிற்கலாம். ஆகவே, "கொஞ்சந்தானே பட்டது, விடியட்டும்" என்று நாம் இருந்துவிடக் கூடாது.

இரத்தத்தை உறையச் செய்யும் பொருட்கள் உடலில் அளவோடுதான் உண்டு. அவை செலவழிந்து தீர்ந்தால் முரசிலும் ஊசி குத்திய இடத்திலும்கூட இரத்தம் கசியும். பேற்றின் பின்னும் நில்லாது. அப்போது சேலைன் மட்டும் போதாது. இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியே வழி.

உடனே 1990 இலக்கத்துக்கு அழைப்போம், அம்புலன்ஸ் இலவசம். தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைப்போம். கைமருந்து கொடுக்க வேண்டாம். கிளினிக் அட்டையை மறவாமல் கொடுத்தனுப்புவோம்.

ஊர் விட்டு வந்த நமக்கு அயலாரே உறவு. இரவில் யாரிடம் வாகனம் உண்டென்று இன்றே கேட்டு வைப்போம்.