மூக்கில் தொடங்கிய கேள்வி

ஏலக்காய்க்கு விலை வைப்பது வாசனை என்று நினைத்துக்கொண்டு போடிநாயக்கனூர் ஏல மையத்துக்குள் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு மாதிரிப் பொட்டலம் கைக்கு வரும். பிரித்துத் தட்டில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்ப்பார்கள். பச்சை எப்படி இருக்கிறது, காய் என்ன பருமன், வெடித்த காய் எவ்வளவு. அபூர்வமாக ஒருவர் ஒரு காயை நசுக்கி மூக்கருகே கொண்டுபோவார். சில விநாடிகள்தான், அதற்குள் திரையில் விலை ஏறி முடிந்திருக்கும். 2007ல் மின்னணு ஏலம் வந்த பிறகும் இந்த மாதிரிப் பொட்டலத்தை ஒழிக்க முடியவில்லை.

பருமனுக்குச் சல்லடை இருக்கிறது. அடர்த்திக்குத் தராசு இருக்கிறது. அக்மார்க் தர வரிசையில் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மில்லிமீட்டர், ஒரு லிட்டர் காய் 435 கிராம் நிற்க வேண்டும். அடுத்த தரமான போல்டுக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். பச்சைக்கு மட்டும் இப்படிக் கறாரான எண் கிடையாது. கண் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பச்சையும் செடி கொடுத்தது பாதி, காய் உலர்த்தும் ஸ்டோர்க்காரர் காப்பாற்றியது பாதி. பறித்த காயைச் சலவைச் சோடாக் கரைசலில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்தினால்தான் நிறம் நிற்கும். சூடு கொஞ்சம் தப்பினால் காய் வெளுத்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

அளவுகோல் முடிந்து அனுபவம் தொடங்குகிற இந்த இடம், மனம் பற்றிய தத்துவத்தைப் பாடம் எடுக்கிற எந்த இளம் ஆசிரியருக்கும் பழக்கமான இடம். அவர் வகுப்பில் வழக்கமாகச் சொல்கிற கதை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஃபிராங்க் ஜாக்சன் 1982ல் எழுதிய கட்டுரையில் மேரி என்றொரு விஞ்ஞானி. பிறந்ததிலிருந்து கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்தவள். நிறத்தைப் பற்றி இயற்பியலும் நரம்பியலும் சொல்லக்கூடிய அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் கதவு திறக்கிறது, சிவப்பை முதன்முறை பார்க்கிறாள். புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டாளா? ஆம் என்றால், மூளையைப் பற்றிய முழு அறிவும் மனத்தைப் பற்றிய முழு அறிவு ஆகாது. இந்த வாதத்தைக் கொண்டுவந்த ஜாக்சனே பின்னாளில் அதைக் கைவிட்டுவிட்டார். கதை மட்டும் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு இந்தக் கறுப்பு வெள்ளை அறை மேல் ஒரு மனக்குறை உண்டு. இதே கேள்வியை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, இதைவிட எளிமையாக, மூக்கை வைத்துக் கேட்டுவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் தத்துவாசிரியர் சி.டி. பிராட் 1925ல் வெளியிட்ட நூலில் ஒரு தேவதூதர் வருகிறார். கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை, அணுக்களின் நுண்ணமைப்பு முழுவதும் அவருக்குத் தெரியும். அமோனியா எந்த அணுக்களால் ஆனது, அது மூக்கினுள் போனால் நரம்பில் என்ன நடக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆனால் அதை முகர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது என்றார் பிராட். ஆளை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தேவதூதரின் அறிவில் ஒரு பகுதி இப்போது நம் கையிலும் இருக்கிறது. ஏலக்காயின் வாசனையில் பெரும்பங்கு சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற இரண்டு சேர்மங்களுடையது. மலபார் வகையில் முதலாவது தூக்கலாக இருக்கும், அதனால் மூக்கில் ஏறும். மைசூர் வகையில் இரண்டாவது, அதனால் கொஞ்சம் இனிப்பான மணம். மூக்கின் பக்கத்தையும் திறந்துவிட்டார்கள். ரிச்சர்ட் ஆக்சலின் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த லிண்டா பக், 1991ல் அவருடன் சேர்ந்து மணமேற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் 2004ல் நோபல் பரிசு. மனிதரிடம் வேலை செய்கிற மணமேற்பி வகைகள் சுமார் 400. எந்தெந்த ஏற்பிகள் எந்த மூலக்கூறுக்குத் துடிக்கின்றன என்று பட்டியல் போடலாம். பட்டியலை எத்தனை முறை படித்தாலும், ஏலக்காயை முகர்ந்தறியாதவருக்கு அதன் வாசனை இன்னதென்று பிடிபடாது. பிராட்டின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

போடியில் காய் பொறுக்கும் பெண்களைக் கேட்டால் வாசனை பற்றிப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் சேலையை முகர்ந்துவிட்டுச் சொன்னால்தான் உண்டு. அமெரிக்கத் தத்துவாசிரியர் நெட் பிளாக் 1995ல் ஒரு பிரபலமான உதாரணம் சொன்னார்: சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே துளையிடும் இயந்திரம் வெகுநேரமாக இரைந்துகொண்டிருந்தது சட்டென்று நமக்கு உறைக்கிறது. உறைப்பதற்கு முன்பும் அந்தச் சத்தத்தை நாம் அனுபவித்தோமா? அனுபவித்தோம், கவனிக்கவில்லை என்பது பிளாக்கின் கட்சி. காய் பொறுக்குமிடத்தில் நடப்பது இதுவேதானா என்றால், இல்லை. சத்தத்தைக் கவனித்தால் கேட்கும். பழகிப்போன வாசனையைக் கவனித்தாலும் எளிதில் பிடிபடாது, ஏற்பிகளே துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. அப்படியானால் அந்த வாசனை அனுபவம் மறைந்திருக்கிறதா, இல்லவே இல்லையா? ஒரு பருவத்துக்குப் போதுமான கட்டுரைத் தலைப்பு இது. 2020க்குப் பிறகு கொரோனாவில் மணம் தெரியாமல் போனவர்களையும் சேர்த்துக்கொண்டால், மேரியின் கதையைத் தலைகீழாகவும் நடத்தலாம்: காயைப் பற்றி அத்தனையும் தெரியும், முன்பு முகர்ந்ததும் நினைவிருக்கிறது, இப்போது இல்லாமல் போனது எது?

தமிழ்நாட்டில் மனம் பற்றிய இந்தப் பாடத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1909ல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கச் சேர்ந்த ராதாகிருஷ்ணனுக்கு அப்போது 20 வயது. ஆசிரியர் பயிற்சியின்போது சக மாணவர்களுக்கு அவர் நடத்திய விரிவுரைகள் 1912ல் உளவியல் பாடநூலாக வந்தன. வேதாந்தம் பேசிய பிற்கால ராதாகிருஷ்ணனின் நிழலில் அந்தச் சின்னப் புத்தகம் காணாமல் போய்விட்டது. அன்று உளவியல் தத்துவத் துறைக்குள்தான் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ல் அது தனித்துறையானது. ஆய்வுக்கூடம் அந்தப் பக்கம் போயிற்று, நூலகம் இந்தப் பக்கம் நின்றது. நம் கல்லூரிகளில் தத்துவத்தின் கை ஒடிந்தது அப்போதுதான் என்பேன்.

மெய்கண்டாரையும் அந்த நூலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டோம், சைவத்தின் சொத்தாக. அவருடைய 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் பக்திப் பாட்டு அல்ல, வரிசையான வாதம். அதிலொன்று ஐம்புலன்களைப் பற்றியது. கண்ணுக்கு வாசனை தெரியாது, மூக்குக்கு நிறம் தெரியாது. பச்சையையும் மணத்தையும் விரலில் படும் சொரசொரப்பையும் ஒரே காயினுடையவை என்று அறிகிறவர் எந்தப் புலனுமாக இருக்க முடியாது. ஆகவே அறிகிற ஆன்மா தனியே உண்டு என்பது அவர் முடிவு. முடிவை ஏற்க வேண்டியதில்லை. மூளையின் வெவ்வேறு பகுதிகள் தனித்தனியே கையாளும் செய்திகள் எப்படி ஒரே பொருளாகச் சேர்கின்றன என்று நரம்பியலாளர்கள் இன்று கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். மாதிரித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் வியாபாரியை வைத்தே இதை நடத்திவிடலாம்.

இந்தத் துறையில் இளம் வயதுக்காரர்கள் அடிக்கடி ஆட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். 1994ல் அமெரிக்காவின் டூசான் மாநாட்டில் டேவிட் சால்மர்ஸ், மூளையின் இயக்கத்தோடு அனுபவம் ஏன் சேர்ந்து வருகிறது என்ற பிரக்ஞையின் கடினச் சிக்கல் பற்றிப் பேசியபோது, முனைவர் பட்டம் வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1998ல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் அவரிடம் பந்தயம் கட்டினார்: பிரக்ஞைக்கான நரம்பு அடையாளத்தை 25 ஆண்டுக்குள் கண்டுபிடித்துவிடுவோம். 2023 ஜூனில் நியூயார்க்கில் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளான ஒயின் பெட்டியைக் கொடுத்தார். அந்த மேடையில் முடிவு சொல்லப்பட்ட சோதனைகள் இரண்டு பெரிய கோட்பாடுகளை எதிரெதிரே நிறுத்தியவை. அதிலும் ஆட்களுக்குக் காட்டியது முகங்கள், பொருள்கள், எழுத்துகள். எல்லாம் கண்ணுக்குத்தான்.

மூக்கை ஒதுக்கியதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற மூளைப் பகுதியைக் கடந்துதான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. மணம் மட்டும் அந்த வாசலில் நிற்காமல் நேரே போய்ச் சேர்கிறது. தலாமஸுக்கும் புறணிக்கும் இடையிலான போக்குவரத்தில்தான் பிரக்ஞை பிறக்கிறது என்று சொல்கிற கோட்பாடுகள் இங்கே வந்து இடறும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏதாவது ஒரு ஸ்டோரில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம்.