சிற்றலையில் ழகரம் கேட்க

வானொலியில் இரைச்சல் ஏறும்போது முதலில் தேய்வது மெய்யெழுத்துத்தான். உயிரொலி வலியது, எப்படியோ தப்பி வந்து சேரும். 'கலை' என்றாரா, 'களை' என்றாரா, 'கழை' என்றாரா என்பதில்தான் காது தடுமாறும். செய்தி என்றால் ஊகித்துக்கொள்ளலாம். கவிதைக்கு ஊகம் உதவாது. இலக்கியம் பேசும் இப்பகுதியில் இன்று ஏரியலைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் நம் நாட்டுச் சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலைத் தந்தவரும் அவரே. அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. சிற்றலையில் தமிழ் இன்று அருகிவிட்டது. எஞ்சியதையாவது தெளிவாகக் கேட்க வேண்டாமா?

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் குடியிருப்போர் பெரும்பாலும் பெட்டியைத்தான் குறை சொல்வர். குறை சுவரில் இருக்கிறது. கொங்கிறீற்றுக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் அலையை மறிக்கின்றன. பெட்டியை அலுமாரித் தட்டிலிருந்து எடுத்து யன்னலோரம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இருபது அடி உறையிட்ட செப்பு வயர் போதும். ஒரு நுனியின் உறையைச் சீவி, பெட்டியின் இழுகம்பியோடு கிளிப்பால் கவ்வுங்கள். மறு நுனியை யன்னலுக்கு வெளியே உடுப்புக் காயும் கொடியோடு சேர்த்துக் கட்டலாம். அயலவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மின்கம்பிகளின் பக்கம் அது போகவே கூடாது. இடிமுழக்கம் வரும் அறிகுறி தெரிந்தால், மழை தொடங்குமுன்பே கழற்றிவிடுங்கள். ஐப்பசி மாதத்தில் இதை மறக்க வேண்டாம். நீளம் கூடக் கூட நல்லது என்று நூறு அடி இழுத்தால் சின்னப் பெட்டி திணறும். ஒரு நிலையம் தனக்குரியதல்லாத இடத்திலும் முளைக்கும்.

பெட்டியைத் திருப்பித் திருப்பி வைப்பது மத்திய அலைக்கே பெரிதும் உதவும். அதற்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே, கரிய தண்டொன்றில் சுற்றிய சுருளாக இருக்கிறது.

இரைச்சலுக்கு வருவோம். முன்பு ரியூப் லைற்றைத் திட்டினோம். இப்போது கைத்தொலைபேசிச் சார்ஜரும் எல்.ஈ.டி. விளக்கும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அடப்டரைக் கழற்றிப் பெட்டியைப் பற்றரியில் இயக்குங்கள். பிறகு வீட்டிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது இரைச்சல் தணிகிறதோ அதுவே கள்வன். பக்கத்து வீட்டுக் கள்வனுக்கு நான் மருந்து சொல்ல முடியாது!

எந்த நேரத்தில் எந்த அலை? 300ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீற்றர் கிடைக்கும். பகலில் 13, 16, 19 மீற்றர்களில் தேடுங்கள். இரவில் 31, 41, 49. சிற்றலை வானத்து மின்னணு மண்டலத்தில் பட்டு வளைந்தே தொலைவுக்குச் செல்கிறது. பகலில் அதன் கீழடுக்கு நீண்ட அலைகளை விழுங்கிவிடும். இரவில் அக்கீழடுக்கு மறைய, மேலடுக்கும் மெலிந்து குறுகிய அலைகளை வளைக்க மாட்டாமல் விட்டுவிடும். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் நிலையங்கள் அலைவரிசைகளை மாற்றுவது வழக்கம். கேட்டுவந்த குரல் அன்று காணாமற் போனால் முள்ளை நகர்த்தித் தேடுங்கள்.

நிலையம் அகப்பட்ட பின்னும் அவசரம் வேண்டாம். பக்கத்து நிலையம் உறுமும் திசைக்கு எதிர்த்திசையில் முள்ளை ஒரு மயிரிழை தள்ளுங்கள். 'நியூஸ்', 'மியூசிக்' என்று சொடுக்கி இருந்தால் கவிதைக்கும் 'நியூஸ்' பக்கமே வையுங்கள்.