எத்தனை அகிராக்கள்?

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியதற்காக அந்த ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் நுழைந்ததும் மூவர் பெயரையும் கரும்பலகையில் எழுதினேன்: ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ. உடனே ஒரு மாணவன் எழுந்தான். "சார், அகிராவுக்கு 2010-லேயே வேதியியலில் நோபல் பரிசு கொடுத்துவிட்டார்களே! இது இரண்டாவது பரிசா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. நம் வழக்கத்தில் ஒருவரின் பெயர்தான் ஆளைக் காட்டுவது. தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானில் அப்படியல்ல. அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும். அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள். 2010-இல் பரிசு பெற்றவர் சுசுகி அகிரா. 2019-இல் பெற்றவர் யோஷினோ அகிரா. "அவர் வேறு, இவர் வேறு" என்று சொல்லி மாணவனை உட்காரவைத்தேன்.

பின்னர் ஜப்பானிய மொழி கற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நான் கூறிய விடை பாதி விடைதான் என்று தெரிந்தது. ஆட்கள் மட்டுமல்ல, தாளில் எழுதும்போது அந்த இரண்டு 'அகிரா'க்களும் வெவ்வேறு பெயர்களாம்! அது எப்படி என்று பார்ப்போமா?

ஜப்பானிய மொழியில் 'அகிரகா' என்றால் 'தெளிவான', 'ஐயத்துக்கு இடமில்லாத' என்று பொருள். அகிரா என்ற ஆண்பிள்ளைப் பெயரும் இந்த வேரிலிருந்து முளைத்ததே. ஒளி, தெளிவு, விளக்கம் ஆகிய மூன்றும் அதில் அடக்கம். ஆனால் பெயரை எழுதுவதற்குப் பயன்படுவது சீனாவிலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள். ('கஞ்சி' என்றதும் பானை நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமன்று!) நம் எழுத்து ஒலியைக் காட்டும், கஞ்சி எழுத்து பொருளையும் காட்டும். 'ஒளி' அல்லது 'தெளிவு' என்ற பொருளை ஒட்டிய பல எழுத்துகளை அகிரா என்றே படிக்கலாம். பெற்றோர் தமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் செவ்வகம் ஒன்று வரைந்து, நடுவில் ஒரு படுக்கைக்கோடு போடுங்கள். இது சூரியன். அதன் வலப்புறம் சற்று உயரமான இன்னொரு செவ்வகம். உள்ளே இரண்டு கோடுகள், அடிப்பக்கம் மூடாமல் இரு கால்கள். இது சந்திரன். இரண்டும் சேர்ந்தால் 'பிரகாசம்' என்ற எழுத்து. இதுவே மிகவும் பழக்கமான அகிரா. திரைப்பட இயக்குநர் குரோசவா அகிரா இந்த எழுத்துக்காரர். 1989 முதல் 2019 வரை அரியணையில் இருந்த பேரரசர் அகிஹிதோவின் பெயரிலும் முதல் எழுத்து இதுதான்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. முழுநிலவின் ஒளியைவிடச் சூரிய ஒளி ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு அதிகம். சூரியனுக்குப் பக்கத்தில் சந்திரனை வைப்பதால் வெளிச்சம் எவ்வளவு கூடிவிடும்? ஆனால் இந்த எழுத்துக்கு இன்னொரு பழைய வடிவமும் இருந்தது. அதில் சூரியன் இல்லை. ஒரு சன்னலும் நிலவும் மட்டுமே. இருட்டறையின் சன்னல் வழியே நிலவொளி விழுகிறது! கண்ணுக்கு ஒளி தெரிவது இருட்டோடு ஒப்பிடும்போதுதான். அந்தப் பழைய எழுத்தை அமைத்தவரே எனக்கு மேலானவராகத் தோன்றுகிறார்.

இனி, நம் இரண்டு நோபல் அறிஞர்களைக் கவனியுங்கள். சுசுகியின் பெயரில் உள்ள எழுத்துக்கு 'அத்தியாயம்', 'சின்னம்' என்று பொருள். கட்டுரை என்னும் சொல்லிலும் வரும். கரிம மூலக்கூறுகளை இணைக்க அவர் கண்ட முறை 1979-இல் வெளிவந்தது; மருந்துத் தயாரிப்பில் அது இன்றும் பெரிதும் பயன்படுகிறது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளின் முன்னோடியை 1973-இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த எண்டோ அகிராவும் இதே 'அத்தியாய' அகிராதான்.

அந்த எழுத்தின் வலப்புறம் மூன்று சாய்கோடுகளைச் சேர்த்தால் யோஷினோவின் அகிரா கிடைக்கும். 'வெளிப்படத் தெரிவது', 'பலரறியச் செய்வது' என்பது பொருள். பலர்முன் பாராட்டிப் பரிசளித்தலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில் இந்த எழுத்து வருகிறது. 1948-இல் பெயர் வைத்த பெற்றோர் ஸ்டாக்ஹோமை நினைத்திருக்க மாட்டார்கள்!

இதே எழுத்தைப் பெயராகக் கொண்ட இன்னொருவர் தோனோமுரா அகிரா. 1989-இல் இவர் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். ஒன்று திரையில் விழுந்து புள்ளியான பிறகே, அநேகமாக எப்போதும், அடுத்தது கருவிக்குள் நுழையும். வழியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதைகள் திறந்திருந்தன. முதலில் பத்துப் புள்ளிகள், பிறகு நூறு. எந்த ஒழுங்கும் இல்லை. ஆயிரக்கணக்கில் சேரச் சேர, ஒளியின் குறுக்கீட்டு விளைவில் பார்ப்பது போன்ற வரிப்பட்டைகள் மெல்ல எழுந்தன. தனித்தனியாக வந்த எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டு என்பது கண்ணெதிரே வெளிப்பட்டுவிட்டது. பெயரின் பொருளும் அதுதானே!

வேறு சில அகிராக்களும் உண்டு. ஒன்று, 'ஒளி' என்ற எழுத்தின் தலையில் சூரியனை ஏற்றியது. மற்றொன்று மூன்று சூரியன்களை முக்கோணமாக அடுக்கியது. இந்த முச்சூரிய எழுத்து இல்லாமல் ஜப்பானிய இயற்பியல் புத்தகமே இல்லை. 'படிகம்' என்ற சொல்லில் அது உண்டு. குவார்ட்சு, திரவப் படிகம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் உண்டு. உங்கள் கால்குலேட்டரின் எண்முகப்பை ஜப்பானிய மொழியில் சொன்னால் ஓர் 'அகிரா' அதற்குள் ஒளிந்திருப்பார்.

சரி, இந்தப் பெயர் பரவியது எப்போது? இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. 1926 டிசம்பர் 25-இல் ஜப்பானில் ஷோவா என்ற புது ஆட்சியாண்டு தொடங்கியது. 'ஷோ' என்ற முதல் எழுத்துக்கும் 'ஒளிர்தல்' என்றுதான் பொருள். சூரியனை இடப்புறம் கொண்ட அதைத் தனியே எழுதினால் அகிரா என்றும் படிக்கலாம். அதுவரை அருகி வழங்கிய அந்த எழுத்து திடீரென்று ஆயிரமாயிரம் தொட்டில்களில் ஏறியது. மெய்ஜி யசுதா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், தன்னிடம் பதிவானவர்களின் பெயர்களைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் ஷோவா இரண்டாம் ஆண்டான 1927-இல் முதலிடம் பெற்ற ஆண்பெயர் ஷோஜி. அதாவது 'ஷோ' எழுத்தும், இரண்டு என்ற எண்ணும். 1928-இல் முதலிடம் ஷோசோ: 'ஷோ'வும் மூன்றும்!

ஆகவே இந்த எழுத்து பெயரில் இருந்தால் அவர் 1926-க்குப் பின் பிறந்தவர் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நீரில் வைத்த டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயில் புற ஊதா ஒளி பட்டால் நீர் பிரிகிறது என்பதைத் தம் ஆசிரியர் ஹோண்டாவுடன் 1972-இல் உலகுக்கு அறிவித்த ஃபுஜிஷிமா அகிரா இந்த எழுத்துக்காரர். பிறந்தது 1942, ஷோவா 17. கணக்குச் சரி. ஆனால் 1954-இல் வந்த 'காட்ஸில்லா' படத்தின் இசையமைப்பாளர் இஃபுகுபே அகிராவுக்கும் இதே எழுத்து; அவர் பிறந்ததோ 1914! கரிமக் காலக்கணிப்பில்கூட மாதிரியில் வேறு கரிமம் கலந்தால் ஆண்டு பிசகிவிடும். பெயரை வைத்துச் செய்யும் கணிப்பு பிசகாமல் இருக்குமா?

பெற்றோருக்குக் கட்டற்ற உரிமையும் கிடையாது. 1948 முதல், குழந்தையின் பெயரில் அரசு வகுத்த பட்டியலில் உள்ள எழுத்துகளே வரலாம். அகிராவின் செல்வாக்கும் இன்று பழையபடி இல்லை. 2018-இலும் 2019-இலும் அதே நிறுவனத்தின் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆண்பெயர் ரென், பொருள், தாமரை.

இப்போது மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். பல உறுப்புகள் ஒரே உறுப்போடு இணையும் சார்பைக் கணக்கில் படித்திருப்பீர்கள். அதற்கு நேர்மாறு சார்பு கிடையாது. நான் கரும்பலகையில் செய்தது அதுதான். ஜப்பானிய எழுத்தில் தனித்தனியாக நின்ற அகிராக்கள் தமிழில் வந்ததும் ஒன்றாகிவிட்டார்கள். அதையும் நாம் சரியாக ஒலிப்பதில்லை: இரு உயிர்களுக்கு நடுவே வரும் நம் ககரம் மெலிந்துவிடும், ஜப்பானியர் ககரமோ வல்லினம். 'அக்கிரா' என்று எழுதினாலோ ககரம் இரட்டித்து வேறு சொல்லாகிவிடும்.

ஆராய்ச்சி இதழ்களில் தொல்லை இன்னும் அதிகம். முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் போட்டால், 'அ. சுசுகி' என்பவர் வேதியியலாளர் அகிராவா, நியூட்ரினோ ஆய்வாளர் அத்சுதோவா? ஒருவருடைய பல்லாண்டு உழைப்பு மற்றவர் கணக்கில் ஏறினால் பதவியும் பரிசும் யாரைச் சேரும்? இதனால்தான் அமெரிக்க இயற்பியல் கழகம் தன் இதழ்களில் ஆசிரியர்கள் தம் பெயரைச் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளிலும் போட்டுக்கொள்ள 2007-இன் இறுதியில் இடம் கொடுத்தது. 2012 முதல், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண் பெறும் வசதியும் வந்திருக்கிறது.

இந்தத் தொல்லை ஜப்பானியருக்கும் உண்டு, ஆனால் எதிர்த்திசையில். எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியாது. ஃபுஜிஷிமாவின் எழுத்தை அகிரா என்றும் படிக்கலாம், ஷோ என்றும் படிக்கலாம். நெடுங்காலம் அரசின் குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டுமே இருந்தது. 2025 மே 26-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படிதான் ஒலியும் பதிவாகிறது.

அடுத்த வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, இரண்டு அகிராக்களையும் நண்பர் எழுதிக் கொடுத்தபடியே கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கேள்வி கேட்ட மாணவன் எழுந்து வந்து பார்த்தான். யோஷினோவின் எழுத்தில் நான் இரண்டு சாய்கோடுகள்தான் போட்டிருந்தேன். மூன்றாவதை அவன் போட்டான்.