சினை ஆடு குட்டி வீசிடுச்சா? விற்பதற்கு முன் இதைப் படிங்க

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கிறது கூத்தாநல்லூர். அறுவடை முடிந்தால் டெல்டா வயல்களில் செம்மறிக் கிடை போடுவது பழைய வழக்கம். கீதாரிகள் போக, வீட்டோரம் கொட்டகை போட்டு பத்து, இருபது ஆடு வளர்ப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான பயம், சினை ஆடு குட்டி வீசுவது. மாசக்கணக்கில் போட்ட தீவனமும் உழைப்பும் ஒரே ராத்திரியில் போய்விடும். 'ராசியில்லாத ஆடு' என்று பலர் உடனே அதைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள்.

அந்த அவசரம்தான் தப்பு. குட்டி வீசப் பல காரணங்கள் உண்டு. அதில் இரண்டுக்குச் செய்ய வேண்டியது நேர் எதிரானது.

முதலாவது, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. 1908-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. செம்மறிக் கருச்சிதைவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1950-களில் நியூசிலாந்தில் கண்டார்கள். பூனை வழியாகப் பரவுகிறது என்பது உறுதியாக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

வைக்கோல் போரில் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை வரும். ஒட்டுண்ணி உள்ள எலியைப் பூனைக்குட்டி முதன்முறை தின்றால், அடுத்த ஓரிரு வாரம் அதன் மலத்தில் லட்சக்கணக்கான நுண்முட்டைகள் வெளியேறும். ஈரமண்ணில் அவை ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். தீவனத்தோடு சினை ஆட்டின் வயிற்றுக்குள் போனால், ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியைத் தாக்கும்.

செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஆரம்பத்தில் தொற்றினால் கரு உள்ளேயே கரைந்துவிடும். நாம் 'சினை நிக்கலை' என்று நினைத்துக்கொள்வோம். நடுவில் தொற்றினால் குட்டி வீசும், அல்லது குட்டி உள்ளேயே செத்து வற்றிப்போகும். கடைசியில் என்றால் நோஞ்சான் குட்டி பிறக்கலாம். தாய் ஆடு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மேயும்! ஒருமுறை தொற்று வந்த ஆட்டுக்கு எதிர்ப்புசக்தி வந்துவிடும். அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகக் குட்டி போடும். அதை விற்றுவிட்டு, தொற்றே வராத புது ஆட்டை வாங்கினால் மறுபடி முதலில் இருந்துதான்.

இரண்டாவது, புரூசெல்லா பாக்டீரியாவால் வரும் கன்று வீச்சு நோய். இந்த ஆடு மந்தைக்குள் இருந்தால் மற்ற ஆடுகளுக்கும் மனிதர்களுக்கும் தொற்றும். சந்தையில் விற்றால் நோய் இன்னொருவர் பட்டிக்குப் போகும். தனியே கட்டிவைத்து, கால்நடை மருத்துவர் சொல்வதைக் கேட்பதுதான் வழி.

நஞ்சுக்கொடியில் பொத்தான் போலிருக்கும் சிவந்த திட்டுகளில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டாக்சோபிளாஸ்மாவாக இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீங்க, ஆய்வகச் சோதனைதான் உறுதி செய்யும். செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வாய்க்காலில் வீசாமல் மருத்துவரிடம் காட்டுங்க. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962-இல் கூப்பிடலாம். மாதிரி எடுத்தபின் மிச்சத்தைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கணும். பூனை தின்றால் சுழற்சி திரும்பவும் தொடங்கும். வெறும் கையால் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் ஈற்று வேலைப் பக்கமே போகக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. மட்டன் பிரியர்கள் கவலைப்பட வேண்டாம், குழம்பில் நன்றாக வெந்த கறியில் ஒட்டுண்ணி பிழைக்காது.

அதுக்காகப் பூனையை விரட்டணுமா? வேண்டாம். வளர்ந்த பூனை பெரும்பாலும் முட்டை வெளியேற்றும் கட்டத்தைத் தாண்டியிருக்கும். அதை விரட்டினால் அந்த இடத்துக்குப் புதுப் பூனை குட்டிகளோடு வரும். இருக்கிற பூனைக்குக் கருத்தடை செய்யுங்க. அது தீவனத்தில் ஏறாதபடி தவிட்டு மூட்டையையும் வைக்கோலையும் மூடி வையுங்க.