அபாயம் தெரிந்தும் வாய் திறக்காதது ஏன்?

ஓர் அறையில் நீங்கள் தனியாக உட்கார்ந்து, கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிக் கொண்டிருக்கிறீர்கள். சுவரிலுள்ள துவாரத்தின் வழியே புகை வரத் தொடங்குகிறது. என்ன செய்வீர்கள்? எழுந்து போய் யாரிடமாவது சொல்வீர்கள் அல்லவா?

லட்டானே, டார்லி என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். அதன் முடிவுகள் 1968-இல் வெளிவந்தன. தனியாக இருந்த மாணவர்களில் 100-க்கு 75 பேர் வெளியே வந்து புகையைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்து, ஒரு மாணவனோடு வேறு இருவரை உட்கார வைத்தார்கள். அந்த இருவரும் ஆய்வாளர்களின் ஆட்கள். புகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் எழுதிக் கொண்டிருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது 10 மாணவர்களில் ஒருவன்தான் எழுந்து வந்தான்! மற்றவர்கள் இருமினார்கள், கண்களைக் கசக்கினார்கள், கையால் புகையை விலக்கிக் கொண்டு எழுதினார்கள். பிறகு கேட்டபோது, அது நீராவி என்றும், குளிர்சாதனத்திலிருந்து வந்த ஆவி என்றும் காரணம் சொன்னார்கள்.

அவர்கள் கோழைகள் அல்லர். ‘மற்றவர்கள் சும்மா இருக்கிறார்களே, அப்படியானால் இது அபாயமாக இருக்காது’ என்று அவர்கள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அபாயம் என்றே தோன்றாதபோது அதைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

இனி ஆய்வறையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போவோம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலை. அங்கே பூமிக்கடியில் ஒரு தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. 39 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவம் அது. தண்ணீர் பட்டால் வெப்பத்தைக் கக்கிக் கொண்டு வினைபுரியும். அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது.

அன்றிரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 11 மணியளவில் அழுத்தமானி 10 என்று காட்டியது. சற்று முன்பு அது 2 ஆக இருந்தது. ஆனால் 2 முதல் 25 வரை இருப்பது வழக்கம்தான் என்பதால் யாரும் திடுக்கிடவில்லை. சிறிது நேரத்தில் ஊழியர்களுக்குக் கண் எரிந்தது. அதுவும் புதிதல்ல, சிறு கசிவுகள் அங்கே அடிக்கடி நிகழ்பவை. கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியாக அவர்கள் தங்கள் கண்களையே பயன்படுத்தி வந்தார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னார்கள். தேநீர் வேளை முடிந்ததும் பார்த்துக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. (ஊழியர்கள் பின்னர் செய்தியாளர்களிடம் கூறிய விவரம் இது.) தேநீர் முடிந்த சமயத்தில் அழுத்தமானியின் முள் எல்லையைத் தாண்டிவிட்டது. விஷவாயு ஊருக்குள் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம்.

கண் எரிச்சலை நம்பியது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள். இந்த வாயு, வேலையிடத்துக் காற்றின் 10 லட்சம் பங்கில் 0.02 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கண் எரியத் தொடங்குவதோ சுமார் 2 பங்கு இருக்கும்போது. அதாவது, கண்ணுக்குத் தெரியும் முன்பே நச்சு வரம்பைப்போல் நூறு மடங்காகிவிடுகிறது!

அங்கே யாருமே எச்சரிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தபின், தொழிற்சங்கத்தினர் ஆபத்தைச் சொல்லிச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். பலன் இல்லை. செலவைக் குறைக்க, அந்தப் பிரிவில் ஷிப்டுக்கு 12 பேர் பார்த்த வேலையை 6 பேரிடம் விட்டார்கள். சொல்லிச் சொல்லிப் பயனில்லாமல் போன இடத்தில் மனிதன் பேச்சைக் குறைத்துக் கொள்கிறான். தினமும் பார்க்கும் அபாயம் கண்ணுக்குச் சிறியதாகிவிடுகிறது. இவை இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது என் எண்ணம்.

அபாயம் நன்றாகத் தெரிந்தும் பேச்சு எடுபடாத இடங்களும் உண்டு. 2013 ஏப்ரல் 23 அன்று, வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேல்மாடிகளில் உடை தைக்கும் தொழிலாளர்களும் உள்ளே போகப் பயந்தார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்றார்கள். மறுநாள் காலை கட்டடம் சரிந்து 1,134 பேர் மாண்டனர். விரிசல் நாளைக்கு விழலாம், விழாமலும் போகலாம். சம்பளம் போவதோ நிச்சயம். ஏழைத் தொழிலாளியின் தராசில் எந்தத் தட்டு தாழும்?

இந்தத் தராசை மாற்றி அமைத்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவரின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடிக் கொண்டிருந்தது. கோளாறு எதையாவது கண்டால் தொழிலாளி அதை இழுக்கலாம். இழுப்பது அவர் கடமையும்கூட. உடனே விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட நேரத்தில் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

அமெரிக்க விமானிகளுக்கு 1976 முதல் வேறொரு வழி இருக்கிறது. பறக்கும்போது நேர்ந்த தவறுகளை அவர்கள் எழுதி அனுப்புவது விமானத்துறை அதிகாரிகளுக்கு அல்ல. விண்வெளி நிறுவனமான நாசாவுக்கு. அனுப்பியவரின் பெயர் கொண்ட துண்டை நாசா தனியே பிரித்து, தேதி முத்திரையிட்டு, அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். தவறு மட்டும் கோப்பில் தங்கும்.