துனீசியத் தேன்கூட்டுப் பின்னல்

துனீசியத் தேன்கூட்டுப் பின்னல் என்பது துனீசியக் குரோசே முறையில் போடப்படும் மேடுபள்ளமான பின்னல் வகைகளுள் ஒன்றாகும். எளிய கண்ணி, பர்ல் கண்ணி ஆகிய இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதால், துணியின் முகப்பில் தேனடையின் அறைகளைப் போன்ற சிறு குழிகள் தோன்றுகின்றன. இதனாலேயே இப்பெயர் அமைந்தது. பார்வைக்குச் சிக்கலாகத் தெரிந்தாலும், எண்ணத் தெரிந்த எவரும் கற்கக்கூடிய பின்னல் இது. ஒவ்வொரு கண்ணியிலும் நூல் ஊசிக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதே இதன் மேடுபள்ளம் முழுவதையும் தீர்மானிக்கிறது.

பெயரும் வரலாறும்

குரோசே என்பது கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணியாக்கும் கலை. சென்னை இல்லங்களில் இது "குரோஷா" என்றும் வழங்குகிறது. சாதாரணக் குரோசேயில் ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணிக்குச் செல்வர். எனவே ஊசியில் பெரும்பாலும் ஒரு கண்ணியே எஞ்சியிருக்கும். துனீசியக் குரோசேயில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே சேர்க்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. இவ்வகையில் இது இரு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலுக்கும் குரோசேக்கும் இடைப்பட்டது.

பெயரில் துனீசியா இருப்பினும், இம்முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய கைவேலை நூல்களின் வழியாகவே பரவியது. ஆங்கிலத்தில் இது ஆப்கன் குரோசே, டிரிகோ என்னும் பெயர்களாலும் அறியப்படுகிறது.

தேவையான பொருட்கள்

ஊசி: துனீசியக் குரோசே ஊசி சாதாரண ஊசியை விட நீளமானது, அதன் மறுமுனையில் கண்ணிகள் நழுவாதபடி குமிழ் இருக்கும். பதினைந்து கண்ணிகள் கொண்ட பயிற்சித் துண்டுக்கு, நடுவில் தட்டையான பிடி இல்லாத சாதாரண ஊசியே போதும்.

ஊசியின் தடிமன்: இம்முறையில் துணி இறுக்கமாக அமையும். ஆகவே வழக்கமாக அந்நூலுக்குப் பயன்படுத்தும் ஊசியை விட 1 முதல் 2 மி.மீ. பெரிய ஊசியைக் கொள்ள வேண்டும். 3.5 மி.மீ. ஊசியால் பின்னும் நூலுக்கு 5 மி.மீ. ஊசி பொருந்தும்.

நூல்: சென்னையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கம்பளியை விடப் பருத்தி நூலே ஏற்றது. வெளிர்நிற நூலில் கண்ணிகள் தெளிவாகத் தெரிவதால் கற்பவர் கருப்பு, கருநீலம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று.

தமிழ்நாட்டுக்கு இக்கருவிகளுடன் நேரடித் தொடர்பு உண்டு. "போனி" என்னும் பெயரில் தையல் ஊசிகளும் குரோசே ஊசிகளும் செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. அதன் ஆலை நீலகிரி மாவட்டம் கேத்தியில் அமைந்தது.

துணியின் அமைப்பு

ஒவ்வொரு வரிசையும் இரண்டு நடைகளால் ஆனது. வலக்கைப் பழக்கமுள்ளவர் வலமிருந்து இடமாகக் கண்ணிகளை ஊசியில் சேர்ப்பது செல்நடை. இடமிருந்து வலமாக அவற்றை மூடி வருவது மீள்நடை. துணியைத் திருப்புவதில்லை, முகப்பு எப்போதும் பின்னுபவரையே நோக்கியிருக்கும்.

முடிந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன்புறத்தில் ஒரு செங்குத்து இழை தெரியும். அடுத்த வரிசையின் கண்ணிகள் இந்த இழையில்தான் எடுக்கப்படுகின்றன. மீள்நடை எல்லா வரிசைகளிலும் ஒன்றே. எனவே இப்பின்னலில் கற்க வேண்டிய வேறுபாடு செல்நடையில் மட்டுமே உள்ளது.

எளிய கண்ணி: நூல் பின்னால் இருக்க, செங்குத்து இழையின் கீழ் ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்து, நூலை வாங்கி ஒரு கண்ணியை இழுத்து ஊசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னுள்ள இழை மறையாமல் நிமிர்ந்து நிற்கும்.

பர்ல் கண்ணி: முதலில் நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அதே முறையில் ஊசியை இழையின் கீழ் நுழைத்த பின், நூலை ஊசியின் அடிவழியாகப் பின்னால் கொண்டுசென்று, ஊசியில் சுற்றி, கண்ணியை இழுக்க வேண்டும். நூல் முன்னால் தங்கிய இடத்தில் இழைக்குக் குறுக்கே சிறு மேடு உண்டாகும்.

செய்முறை

1. 15 சங்கிலிக் கண்ணிகள் போடவும். ஊசியில் இருப்பதை முதற் கண்ணியாகக் கொண்டு, இரண்டாம் சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி எடுக்கவும். ஊசியில் 15 கண்ணிகள் சேரும்.

2. மீள்நடை: நூலைச் சுற்றி முதலில் ஒரே ஒரு கண்ணி வழியாக இழுக்கவும். பின்னர் ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகள் வழியாக இழுக்கவும். இவ்வாறு 14 முறை இழுத்ததும் ஊசியில் ஒன்று மட்டும் எஞ்சும். இதுவே அடிவரிசை.

3. முதல் வரிசை: ஊசியிலுள்ள கண்ணி வலது ஓரக் கண்ணியாகும், அதன் நேர்கீழுள்ள இழையில் எதுவும் எடுக்கக் கூடாது. அடுத்துள்ள 13 இழைகளில் எளிய கண்ணி, பர்ல் கண்ணி என மாறி மாறி எடுக்கவும். இறுதியாக இடது ஓரத்தில் இரண்டு இழைகளையும் சேர்த்து ஓர் எளிய கண்ணி எடுத்து, மீள்நடை செய்யவும்.

4. இரண்டாம் வரிசை: நடுவிலுள்ள 13 இழைகளில் பர்ல் கண்ணியில் தொடங்கி மாறி மாறி எடுக்கவும். மற்றவை முன்போலவே.

5. மூன்றாம், நான்காம் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவும்.

6. முடிக்கும்போது, ஒவ்வோர் இழையிலும் எடுத்த கண்ணியை ஊசியிலுள்ள கண்ணி வழியாக உடனே இழுத்துவிடவும். மேல்விளிம்பு சங்கிலி போல மூடப்படும்.

நடுக் கண்ணிகள் ஒற்றைப்படையாக இருப்பது பிழை காண உதவுகிறது. முதல் வரிசையில் நடுப்பகுதி எளிய கண்ணியில் தொடங்கி எளிய கண்ணியிலேயே முடிய வேண்டும். இரண்டாம் வரிசையில் பர்ல் கண்ணியில் தொடங்கிப் பர்ல் கண்ணியிலேயே முடிய வேண்டும். அவ்வாறு முடியாவிடில் இடையில் ஒன்று தவறியிருக்கிறது. எந்த வரிசை என்பது மறந்துவிட்டால் துணியையே பார்க்கலாம்: குறுக்கு மேடு தெரியும் இடத்தில் எளிய கண்ணி, வெறும் இழை தெரியும் இடத்தில் பர்ல் கண்ணி.

பொதுவான பிழைகள்

துணி ஒருபுறம் ஒடுங்கிச் சென்றால், பெரும்பாலும் இடது ஓரக் கண்ணி விடுபட்டிருக்கும். ஒவ்வொரு செல்நடையின் முடிவிலும் 15 என எண்ணிப் பார்த்தால் இது நேராது. மீள்நடையின் தொடக்கத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கண்ணிகள் வழியாக இழுப்பதும் ஓரத்தை ஒடுக்கும்.

துனீசியக் குரோசே துணி முன்பக்கமாகச் சுருளும் இயல்புடையது. எளிய கண்ணி மட்டும் போட்ட துணியில் இது மிகுதி. தேன்கூட்டுப் பின்னலில் பர்ல் கண்ணியின் மேடுகள் இழுவிசையை இருபக்கமும் ஓரளவு சமப்படுத்துவதால் சுருளல் குறைகிறது. எஞ்சியதை, துணியை நனைத்து, விரித்து, குண்டூசி குத்தி உலரவிட்டுச் சரிசெய்யலாம்.

பயன்பாடு

அடர்த்தியான துணி கிடைப்பதால் கைப்பை, மெத்தையுறை, மேசை விரிப்பு முதலியவற்றுக்கு இப்பின்னல் ஏற்றது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியைப் பருத்தி நூலில் மட்டுமே பின்ன வேண்டும். அக்ரிலிக் நூல் சூட்டில் உருகும்.

உழைப்பும் மதிப்பும்

60 கண்ணிகள் அகலமும் 60 வரிசைகள் உயரமும் உள்ள ஒரு மெத்தையுறையின் முகப்பில் 3,600 கண்ணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் எடுக்கப்படுகிறது, பின்னர் மூடப்படுகிறது; ஆக 7,200 ஊசியசைவுகள். ஓரசைவுக்கு 3 விநாடி எனக் கொண்டால் 6 மணிநேரம் ஆகும். கம்பளிப் பின்னலைப் போலக் குரோசேயை இயந்திரத்தால் செய்ய இயலாததால், கடையில் காணும் ஒவ்வொரு குரோசே பொருளின் பின்னும் இத்தகைய மணிநேரங்கள் உள்ளன.

ஆயினும் இவ்வுழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. முன்னாள் மதராசு மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமான நரசாப்பூரின் குரோசே லேஸ் தொழிலைப் பற்றிச் செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. பெண்கள் நாள்தோறும் பல மணிநேரம் பின்னியும் அது ஓய்வுநேர வேலையாகவே கருதப்பட்டதையும், இலாபம் வணிகர்களிடம் சேர்ந்ததையும் அந்நூல் விளக்குகிறது.

சென்னையில் இக்கைவேலை பொதுவெளிக்கு வந்த நிகழ்வு ஒன்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய "மதர் இந்தியாஸ் குரோசே குயின்ஸ்" குழு, 2016 சனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோசே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பலர் தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை இணைத்தே அப்போர்வை உருவாயிற்று. அளவில் எவ்வளவு பெரிதாயினும், அதிலுள்ள ஒவ்வொரு கண்ணியும் ஒருவர் கையால் எண்ணிப் போடப்பட்டதே.