குளிர்ப் பகுதிகளில் தொங்குபடுக்கை

தொங்குபடுக்கை என்பது இரு மரங்களுக்கோ தூண்களுக்கோ இடையில் துணியையோ வலையையோ கட்டித் தூங்கப் பயன்படுத்தும் படுக்கை ஆகும். ஆங்கிலத்தில் இது ஹாமக் எனப்படுகிறது. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1492-இல் அப்பகுதியை அடைந்த கொலம்பசின் குழுவினர் வழியாக இப்படுக்கை ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று. பின்னர் மாலுமிகள் கப்பல்களில் கித்தான் துணியால் ஆன தொங்குபடுக்கையைப் பயன்படுத்தினர். அதனுள் சிறு மெத்தை ஒன்றையும் விரித்துக்கொண்டனர். அந்த மெத்தை ஏன் தேவைப்பட்டது என்பதே குளிரில் தொங்குபடுக்கையைப் பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டியது.

தூளியும் தொங்குபடுக்கையும்

தமிழர் வீடுகளில் குழந்தைகளுக்குக் கட்டப்படும் தூளி இதே வகையைச் சேர்ந்தது. இது ஏணை என்றும் அழைக்கப்படும். நைந்த பருத்திப் புடவையை உத்தரத்திலோ கூரைக் கொக்கியிலோ கட்டித் தூளி அமைக்கின்றனர். தரையில் விரித்த பாயில் காற்று மேலே மட்டுமே படும். தூளியில் துணியின் அடிப்புறத்திலும் காற்று புகுந்து செல்வதால், உடல் வெப்பம் எல்லாப் பக்கமும் வெளியேறுகிறது. சென்னை போன்ற வெக்கை மிகுந்த ஊரில் குழந்தை புழுக்கமின்றி உறங்க இதுவே உதவுகிறது. கோடையில் நன்மை தரும் இந்தப் பண்பே மலையில் குளிர்காலத்தில் தீமையாக மாறுகிறது.

சென்னையின் குளிரும் மலையின் குளிரும்

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியசு ஆகும். 1905 சனவரி 29 அன்று பதிவான அளவுகளுள் இதுவும் ஒன்று. சனவரி மாதத்தில் வழக்கமான குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை. அந்தக் குளிருக்கே மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனைக்குச் செல்வோர் மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் அணிவதுண்டு.

கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது சென்னையில் 21 பாகை இருக்கும் இரவில் உதகையில் ஏறத்தாழ 6 பாகையை எதிர்பார்க்கலாம். தெளிந்த வானமுள்ள இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளங்களில் தேங்கும். இதனால் உதகை, தலைக்குந்தா போன்ற இடங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுவதுண்டு. ஆகவே பள்ளத்திலோ ஓடைக்கரையிலோ படுப்பதைவிட, காற்று மறைவான சரிவில் படுப்பது நல்லது.

முதுகு ஏன் குளிர்கிறது?

கம்பளியோ பஞ்சோ தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் வெப்பத்தைக் காக்கிறது. தொங்குபடுக்கையில் படுக்கும்போது ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பையின் அடிப்பகுதி உடல் எடையால் நசுங்கி, அதிலுள்ள காற்று வெளியேறுகிறது. எஞ்சுவது இரண்டு மெல்லிய துணிகளே. அவற்றின் கீழே ஓடும் காற்று வெப்பத்தை இடைவிடாமல் எடுத்துச் செல்கிறது.

இதன் விளைவாக 20 பாகை அளவிலேயே முதுகும் இடுப்பும் சில்லிடத் தொடங்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் இது தீராது. தேவைப்படுவது அடியில் ஒரு காப்பு.

அடிக்காப்பு முறைகள்

நுரைவிரிப்பு: யோகா விரிப்பு போன்ற நீர் உறிஞ்சாத நுரைவிரிப்பைப் படுக்கையினுள் இடுவது எளிய, மலிவான முறை. இது உடல் எடையால் அதிகம் நசுங்காது. ஆனால் தொங்குபடுக்கை உடலைச் சுற்றி வளைவதால், அகலம் குறைந்த விரிப்பு தோள்களை மறைக்காது. தோள்பகுதியில் குறுக்காக மற்றொரு துண்டு விரிப்பை வைத்தால் இக்குறை நீங்கும். இரட்டைத் துணி கொண்ட தொங்குபடுக்கையில் இரு துணிகளுக்கு நடுவே விரிப்பைச் செருகினால் அது நழுவாது.

அடிப்போர்வை: இது படுக்கையின் வெளிப்புறத்தில், அடியில் தொங்கவிடப்படும் மெத்தைப்போர்வை. உடல் எடை இதன்மேல் விழாததால் நசுங்குவதில்லை. துணிக்கும் போர்வைக்கும் இடையே இடைவெளி இருந்தால் காற்று புகுந்துவிடும். இறுக்கிக் கட்டினால் போர்வை நசுங்கிப் பயனிழக்கும். தொட்டும் தொடாமலும் ஒட்டியிருப்பதே சரியான நிலை. தடித்த ரஜாயின் நான்கு மூலைகளிலும் மீள்கயிறு கட்டி வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

கட்டும் முறை

கயிறு கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சரிந்திருக்க வேண்டும். இக்கோணத்தில் ஒவ்வொரு முனையிலும் படுப்பவரின் எடைக்குச் சமமான இழுவிசை ஏற்படும். 70 கிலோ எடையுள்ளவர் 10 பாகைக் கோணத்தில் இழுத்துக் கட்டினால், ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குரிய இழுவிசையைத் தாங்க வேண்டும். அதனால் கயிறு அறுந்துபோகலாம். மெல்லிய மரமாக இருந்தால் அது சாயலாம்.

தளர்வாகக் கட்டுவது உறக்கத்திற்கும் உதவும். இறுகிய படுக்கையில் தோள்கள் நெருக்கப்படும். தளர்ந்த படுக்கையில் தலையை ஒரு பக்கமும் கால்களை எதிர்ப்பக்கமும் வைத்துக் குறுக்குவாட்டில் படுத்தால், முதுகு ஏறத்தாழச் சமமாக நீளும். அமரும் உயரம் நாற்காலி அளவுக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால் போதும்.

மரப்பட்டை காயப்படாமலிருக்க, மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள பட்டைநாடாவைப் பயன்படுத்த வேண்டும். தைல மரமும் சில்வர் ஓக்கும் காற்றில் கிளை முறியும் இயல்புடையவை. கட்டுவதற்கு முன் மேலே காய்ந்த கிளை உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். வீட்டுத் தூளியைப்போல் பழைய புடவையை நம்பிப் பெரியவர்கள் படுக்கக் கூடாது. நைந்த துணி கிழிந்துவிடும்.

காற்றும் ஈரமும்

படுக்கைக்கு மேலே தார்ப்பாயைத் தாழ்வாகவும், காற்று வரும் திசையை அடைத்தவாறும் கட்ட வேண்டும். மழைநீர் கயிறு வழியே படுக்கைக்குள் இறங்குவதைத் தடுக்க, தார்ப்பாயின் கீழ் வரும் கயிற்றுப் பகுதியில் சிறு நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடலாம். நீர் அதன் வழியாகச் சொட்டிவிடும்.

பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈர ஆடை உடல் வெப்பத்தை விரைந்து இழக்கச் செய்யும். எனவே நடந்து வந்த உடையை மாற்றி, உலர்ந்த கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையும் காலுறையும் குல்லாயும் அணிந்து படுக்க வேண்டும். உறங்குமுன் உண்பதும், இறுக மூடிய வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்துக்கொள்வதும் உதவும். உறக்கப்பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிட்டால் உள்ளே ஈரம் சேரும்.

எச்சரிக்கைகள்

உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்பநிலை எனப்படும். நடுக்கம், குழறிய பேச்சு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தென்பட்டால் குளிரைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. உடனே கட்டடத்திற்குள்ளோ வண்டிக்குள்ளோ சென்று உடலைச் சூடாக்கிக்கொண்டு மருத்துவ உதவி பெற வேண்டும். குளிருக்காகக் கூடாரத்திலோ மூடிய தார்ப்பாய்க்குள்ளோ கரியடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லாததால், உறங்குபவர் அதை உணரமாட்டார்.

காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியின்றித் தங்குவது குற்றமாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சென்னையிலிருந்து சென்றவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்திற்கான கட்டுப்பாடுகள் இறுகின. ஆகவே தனியார் தோட்டங்களிலும் அனுமதி பெற்ற முகாம்களிலும் மட்டுமே தொங்குபடுக்கை கட்டுவது முறையாகும்.

ஒத்திகை

அடையாற்றிலோ தியாகராய நகரிலோ வசிப்பவர் மலைக்குச் செல்லுமுன் மார்கழி இரவொன்றில் தம் வீட்டு மொட்டைமாடியில் உறுதியான தூண்களுக்கிடையே தொங்குபடுக்கையைக் கட்டிப் படுத்துப் பார்க்கலாம். கைப்பிடிச் சுவரிலிருந்து விலகிக் கட்டுவது அவசியம். அந்த 21 பாகையிலேயே முதுகு குளிர்ந்தால், அடிக்காப்பு போதவில்லை என்பது தெரிந்துவிடும். அங்கே குறை தெரிந்தால் வீட்டுக்குள் சென்று படுத்துக்கொள்ளலாம். உதகையின் நள்ளிரவில் அந்த வசதி கிடைக்காது.